முள்ளை நம்பாதீங்க பாஸ்!



நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கி, சொந்தமா சமைச்சுச் சாப்பிடுற ஆளா நீங்க? அப்படின்னா, சாதம் பாதி வெந்துக்கிட்டு இருக்கும்போது அடுப்பு 'பொசுக்'குனு அணைஞ்சுபோற கொடுமை உங்களுக்குப் புதுசா இருக்காது. "மச்சி, மீட்டர் வெச்ச ரெகுலேட்டர் ஒண்ணு வாங்கிடலாம்டா. கேஸ் எவ்வளவு இருக்குனு முள்ளே காட்டிடும்"னு ரூம்ல ஒரு விஞ்ஞானி கட்டாயம் சொல்வார். பச்சை, மஞ்சள், சிவப்புனு மூணு கலர்ல கடையில விக்குதே, அதேதான்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அந்த முள் காட்டுவது அழுத்தத்தை. சிலிண்டரில் எத்தனை கிலோ மிச்சம் என்பதை அல்ல. முக்கால் சிலிண்டர் இருக்கும்போதும் முள் பச்சை. கால் சிலிண்டர் இருக்கும்போதும் பெரும்பாலும் பச்சை. சிவப்புக்கு வரும்போது, உங்க சாதம் பாதியில நிக்கும்.

ஏன் இப்படி? ப்ளஸ் டூவிலும் ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியிலும் நாம ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு மறந்துபோன 'ஆவி அழுத்தம்' தான் காரணம். மூடின பாத்திரத்துக்குள்ள திரவம் இருந்தா, அதுக்கு மேல இருக்கிற வாயுவோட அழுத்தம் எவ்வளவுனு கணக்குப் போடத் தெரிஞ்சா சிலிண்டர் மேட்டர் மட்டும் இல்ல, வடசென்னையோட ஒரு ஊர் மேட்டரே புரியும்.

அத்திப்பட்டி இல்ல, அத்திப்பட்டு!

சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறுங்க. எண்ணூர் தாண்டினா அத்திப்பட்டு புதுநகர், அடுத்து அத்திப்பட்டு. 2001-ல வந்த 'சிட்டிசன்' படத்துல அஜித்தோட ஊர், மேப்ல இருந்தே காணாமப் போச்சே, அது அத்திப்பட்டி. இது அத்திப்பட்டு. மேப்ல நல்லாவே இருக்கு. ஆனா, இந்த ஊரைச் சுத்தி என்னவெல்லாம் இருக்குனு நம்மில் பல பேருக்குத் தெரியாது.

வடசென்னை அனல் மின் நிலையம் இங்கேதான். பக்கத்தில் காமராஜர் துறைமுகம். 2001-ல் எண்ணூர் துறைமுகமாகத் தொடங்கி, 2014-ல் பெயர் மாறியது. அந்தத் துறைமுக வளாகத்தில் 2019-ல் திறக்கப்பட்ட எல்.என்.ஜி. முனையத்தில், ஒவ்வொன்றும் 1,80,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு ராட்சத டேங்குகள். சமையல் கேஸ் சேமிப்பும் இந்த வட்டாரத்தில் உண்டு. தெற்கே எண்ணூரில் உர ஆலை, அதற்குத் திரவ அமோனியா. அதாவது நம்ம புத்தகத்தில் 'மூடிய கலன், திரவம், அதன் மேல் ஆவி'னு ஒரு குட்டிப் படம் போட்டிருப்பாங்களே, அதே படம் இங்கே ஊர் சைஸில் நிக்குது. பக்கத்துல குப்பங்களும் வீடுகளும் ஸ்கூலும் இருக்கு. அதனால கணக்கு தப்பினா மார்க்கு மட்டும் போகாது.

ஒரு சொட்டு இருந்தா போதும்

மூடின பாட்டிலுக்குள்ள பாதி தண்ணி. மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஆவியாகி மேலே போய்க்கிட்டே இருக்கும். மேலே கூட்டம் சேரச் சேர, திரும்பத் திரவத்துக்குள் விழுபவையும் அதிகமாகும். ஒரு கட்டத்தில் போறதும் வர்றதும் சமம். அந்தச் சமநிலையில் ஆவி கொடுக்கும் அழுத்தம்தான் ஆவி அழுத்தம்.

திரவம் அதிகமா இருந்தா அழுத்தமும் அதிகமாகுமா? ஆகாது. வெளியே போற வாசலும் உள்ளே வர்ற வாசலும் அதே மேற்பரப்புதானே! பாட்டில் நிறைய இருந்தாலும் சரி, அடியில் ஒரே ஒரு சொட்டு இருந்தாலும் சரி, 30 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 4.2 கிலோ பாஸ்கல்தான். வெப்பநிலையை ஏத்தினாதான் அது மாறும். 80 டிகிரியில் 47.4. 100 டிகிரியில் 101.3, அதாவது காற்று மண்டலத்தின் அழுத்தம். அதனாலதான் அங்கே தண்ணி கொதிக்குது.

ஆக, எந்தத் திரவம், எவ்வளவு சூடு, இந்த ரெண்டும்தான் அழுத்தத்தை முடிவு பண்ணும். எவ்வளவு திரவம் இருக்குங்கிறதுக்கு அங்கே ஓட்டு கிடையாது!

கணக்குப் போடலாமா?

செமஸ்டரில் அடிக்கடி வரும் மாடல் இது. 10 லிட்டர் கலன். உள்ளே காற்றும் கொஞ்சம் தண்ணீரும். 30 டிகிரியில் மூடும்போது மொத்த அழுத்தம் 101.3 கிலோ பாஸ்கல். 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் எவ்வளவு?

அவசரக்குடுக்கை பதில்: கெல்வினுக்கு மாத்து, 303-லிருந்து 353, விகிதத்தால் பெருக்கு. 118 கிலோ பாஸ்கல். தப்பு!

மூணே மூணு ஸ்டெப்பில் சரியா போடலாம்.

ஸ்டெப் 1: காற்றைத் தனியா பிரிங்க. 101.3-ல் தண்ணீர் ஆவியின் பங்கு 4.2. மிச்சம் 97.1 காற்றுடையது. காற்று பாவம், சூடானா விகிதப்படி ஏறும் நல்ல பிள்ளை. 97.1 × 353 ÷ 303 = 113.1.

ஸ்டெப் 2: தண்ணீர் ஆவிக்கு விகிதமெல்லாம் கிடையாது. நேரா அட்டவணையைப் பாருங்க. 80 டிகிரியில் 47.4. ரெண்டையும் கூட்டுங்க, டால்டன் சொன்ன மாதிரி. மொத்தம் 160.5 கிலோ பாஸ்கல். அவசரக்குடுக்கையோட 118 எங்கே, இது எங்கே!

ஸ்டெப் 3: இதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுடுவாங்க. அந்த 47.4-ஐக் கொடுக்கிற அளவுக்கு உள்ளே தண்ணீர் இருக்கா? பி.வி = என்.ஆர்.டி. போடுங்க. 47.4 × 10 ÷ (8.314 × 353) = 0.16 மோல். அதாவது கிட்டத்தட்ட 2.9 கிராம். உள்ளே 5 கிராம் தண்ணி இருந்தா, 2.9 ஆவியாகும், மிச்சம் திரவமா நிக்கும், நம்ம விடை சரி. வெறும் 2 கிராம்தான் இருந்தா? மொத்தமும் ஆவியாகிடும், திரவமே இருக்காது. அப்போ அட்டவணை செல்லாது. 2 கிராம், அதாவது 0.111 மோலுக்கு வாயு விதியைப் போட்டா 32.6 கிலோ பாஸ்கல்தான் வரும்.

சுருக்கமா சொன்னா, திரவம் மிச்சம் இருந்தால் அட்டவணை, தீர்ந்துபோனால் வாயு விதி. இந்த ஒரு வரியை நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க. அரியர் வராது!

இப்போ சிலிண்டருக்கு வாங்க

சமையல் கேஸ் என்பது முக்கியமா புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. ரெண்டுமே திரவமா சிலிண்டருக்குள்ள இருக்கு. 30 டிகிரியில் தனி புரோப்பேனின் ஆவி அழுத்தம் சுமார் 10.8 பார், தனி பியூட்டேனுக்கு 2.8 பார். ஒரு பார்ங்கிறது 100 கிலோ பாஸ்கல். கலவைக்கு ரௌல்ட் விதி இருக்கு. ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் அதன் மோல் பின்னத்தால் பெருக்கிக் கூட்டணும். கணக்குக்காக 40 சதவிகிதம் புரோப்பேன், 60 சதவிகிதம் பியூட்டேன்னு வெச்சுக்குவோம்.

0.4 × 10.8 = 4.32. 0.6 × 2.8 = 1.68. மொத்தம் 6 பார். வெளியே காற்று மண்டலம் ஒரு பார் தள்ளுதே, அதைக் கழிச்சா மீட்டர் முள் 5 காட்டும்.

இன்னொண்ணைக் கவனிச்சீங்களா? திரவத்தில் 40 சதவிகிதமா இருந்த புரோப்பேன், மேலே இருக்கிற ஆவியில் 72 சதவிகிதம்! நாம எரிக்கிறது மேலே இருக்கிற ஆவியைத்தானே? அதனால புரோப்பேன்தான் சீக்கிரம் காலியாகும். கீழே பியூட்டேன் சேரச் சேர, முள் மெள்ள மெள்ள இறங்கும். புரோப்பேன் 20 சதவிகிதமா குறைஞ்சா அழுத்தம் 4.4 பார். ஆனா, இந்த இறக்கம் கலவை மாறுறதால வர்றது. காலையில ஒரு மாதிரி, மொட்டை வெயில்ல ஒரு மாதிரினு சூட்டுக்கு ஏத்தபடியும் முள் ஆடும். இதை வெச்சு 'இன்னும் நாலு கிலோ இருக்கு'னு ஜோசியம் சொல்ல முடியாது.

வீட்டு சிலிண்டரின் உள்கொள்ளளவு சுமார் 33 லிட்டர். 14.2 கிலோ எல்.பி.ஜி. நிரப்பும்போது திரவம் 26 லிட்டர் அளவுக்கு இடத்தைப் பிடிக்கும். மேலே மிச்சமுள்ள 7 லிட்டரில் இருக்கும் ஆவியின் எடை 100 கிராம்கூடத் தேறாது. மத்ததெல்லாம் திரவம். அந்தத் திரவத்தின் கடைசிச் சொட்டு தீரும்போது சிலிண்டருக்குள்ள கால் கிலோ அளவுக்கு ஆவிதான் மிச்சம். அதுக்குப் பிறகுதான் முள் மடமடனு விழும். மீட்டர் 'சிவப்பு' காட்டுறது அந்தக் கால் கிலோவுக்காக!

அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? எடை போடுங்க. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். மொத்த எடையில் அதைக் கழிச்சா போச்சு. டெலிவரிக்கு வர்ற அண்ணன்கிட்ட தராசு கேட்டு எடை பார்த்து வாங்குறது உங்க உரிமை. தராசு இல்லையா? அம்மாக்களின் டெக்னிக்கே போதும். ஈரத் துணியால சிலிண்டரை மேலிருந்து கீழே துடைங்க. மேல் பாகம் சீக்கிரம் காயும், திரவம் இருக்கிற கீழ்ப் பாகம் மெதுவா காயும். அந்தக் கோடுதான் லெவல்.

டீக்கடை பக்கெட் மேட்டர்

சில கடைகள்ல சிலிண்டரை வெந்நீர் டப்புக்குள்ள உட்கார வெச்சிருப்பாங்க, பார்த்திருக்கீங்களா? வேகமா கேஸ் எடுக்கும்போது உள்ளே திரவம் ஆவியாகணும். அதுக்கு வேண்டிய வெப்பத்தைத் திரவம் தன்கிட்ட இருந்தே எடுத்துக்கும். ஜில்லுனு ஆகும், வெளியே வேர்க்கும். சூடு குறைஞ்சா ஆவி அழுத்தமும் குறையும், அடுப்பு டல்லடிக்கும். வெந்நீர் ஊத்தினா ஏறும். சயின்ஸ் கரெக்ட்தான். ஆனா, ஆபத்தான சயின்ஸ்.

நம்ம கலவை 30 டிகிரியில் 6 பார். 45 டிகிரிக்குப் போனா? புரோப்பேன் 15.3, பியூட்டேன் 4.35. கலவை 8.7 பார். பதினஞ்சு டிகிரிக்கு 45 சதவிகித ஏற்றம்! வெறும் வாயுவா இருந்திருந்தா அஞ்சு சதவிகிதம்தான் ஏறியிருக்கும். கொதிக்கிற தண்ணியில வெச்சா எங்கே போய் நிக்கும்னு நீங்களே யோசிங்க. சூடானா திரவமும் வீங்கும். மேலே அந்தக் காலி இடத்தை விட்டு வைக்கிறதே அதுக்காகத்தான். அதையும் திரவம் நிரப்பிட்டா, அப்புறம் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் எகிறும். ஸோ, அந்த மாதிரிக் கடையில டீ நல்லா இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்னே குடிங்க. முடிஞ்சா அண்ணன்கிட்ட விஷயத்தையும் சொல்லிடுங்க.

அழுத்தி வைப்பதா, குளிர வைப்பதா?

திரும்ப அத்திப்பட்டுக்கு வருவோம். வாயுவைத் திரவமா சேமிக்க ரெண்டு வழி. ஒண்ணு, சிலிண்டர் மாதிரி சாதாரண வெப்பநிலையிலேயே அழுத்தி வைக்கிறது. இன்னொண்ணு, ஆவி அழுத்தம் வெளிக்காற்றின் அளவுக்கு இறங்கும் வரை குளிர வைக்கிறது.

எல்.என்.ஜி. என்பது பெரும்பாலும் மீத்தேன். அதன் நிலைமாறு வெப்பநிலை மைனஸ் 82.6 டிகிரி. அதுக்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் மீத்தேன் திரவமாகவே ஆகாது. அதனாலதான் எல்.என்.ஜி. நம்ம வீட்டு சிலிண்டரில் வர்றதில்லை. துறைமுக டேங்கில் மைனஸ் 162 டிகிரியில் தூங்குது. எவ்வளவு கவசம் போட்டாலும் வெளிச்சூடு கொஞ்சம் உள்ளே நுழையும், கொஞ்சம் திரவம் ஆவியாகும். அந்த ஆவியை விடாம வெளியே இழுத்துக்கிட்டே இருக்கணும். இழுக்க இழுக்கத் திரவம் தன்னைத்தானே குளிர்விச்சுக்கும். டீக்கடை சிலிண்டர் வேர்த்த அதே கதைதான், இங்கே நல்லதுக்கு!

அமோனியாவும் அப்படித்தான். மைனஸ் 33 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் வெறும் ஒரு காற்று மண்டலம். சாதுவா இருக்கும். ஆனா 30 டிகிரியில் அது 11.7 பார். அதாவது, குளிர் இருக்கும் வரைதான் அமைதி.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் கடற்கரையில் அந்த அமைதி உடைஞ்சது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலில் இருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கப்பலில் இருந்து திரவத்தை இறக்குறதுக்கு முன்னாடி குழாயைக் குளிர வைப்பாங்க. அந்த வேலை நடக்கும்போதுதான் இது. கடல் தண்ணீர் குமிழி விட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமா, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா வீட்டை விட்டு ஓடினாங்க. பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாங்க. ஒரு கன மீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராம் என்பது அமோனியாவுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு. ஆலைப் பக்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது 2,090. கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49.

ஏன் குமிழி? திரவ அமோனியாவுக்கு மைனஸ் 33 டிகிரியே கொதிநிலை. வங்காள விரிகுடாவின் டிசம்பர் தண்ணீர்கூட அதுக்கு எரியுற அடுப்பு மாதிரி. வெளியே வந்த நொடியே கொதிக்கும். கொஞ்சம் கடலில் கரையும், மிச்சம் காற்றில் கலந்து குப்பத்துக்குள்ள வரும்.

முள் சரியாத்தான் காட்டியது!

இதைவிடப் பெரிய பாடம் போபால். யூனியன் கார்பைடு ஆலையில் இருந்த மீத்தைல் ஐசோசயனேட்டின் கொதிநிலை 39 டிகிரி. பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் இருக்க வேண்டியது. ஆனா, குளிரூட்டும் இயந்திரத்தை 1984-ல் மாசக்கணக்கா நிறுத்தி வெச்சிருந்தாங்க. டிசம்பர் 2 இரவு டேங்குக்குள்ள தண்ணீர் புகுந்து வினை தொடங்கிடுச்சு. பத்தரை மணிக்குச் சற்று முன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. பதினோரு மணிக்கு 10. ஷிஃப்ட் மாறி வந்தவர்கள் பார்த்தாங்க. 2-லிருந்து 25 வரை வழக்கமானதுதான், 10 என்பது நார்மல். விட்டுட்டாங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடிக்கப்போகும் விஷவாயு வெளியே வந்துடுச்சு.

அன்னிக்கு முள் பொய் சொல்லல. 10-னு சரியாத்தான் காட்டியது. அரை மணி நேரத்துல ஏன் இவ்வளவு ஏறுச்சு, உள்ளே சூடு எவ்வளவுனு யாரும் கேக்கல. அழுத்தம் என்பது பாதிச் செய்திதான் ஃப்ரெண்ட்ஸ். மீதிப் பாதி வெப்பநிலையிலும், உள்ளே எவ்வளவு திரவம் இருக்குங்கிறதுலயும் இருக்கு.

படிச்சு முடிச்சு நம்மில் சில பேர் இதே பெல்ட்ல கன்ட்ரோல் ரூம்ல உட்காருவோம். சில பேர் சேஃப்டி ஆபீசர் ஆவோம். சில பேர் பக்கத்துத் தெருவுல குடியிருப்போம். யாரா இருந்தாலும் கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: "பிரஷர் எவ்வளவுனு சொன்னீங்க, சரி. டெம்பரேச்சர் எவ்வளவு சார்? ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி எவ்வளவு?"

கையில வெச்சுக்க ரெண்டு டிப்ஸ். சமையல் கேஸ் காத்தைவிடக் கனமானது, தரையோட தவழும். வாடை வந்தா சுவிட்சைத் தொடாதீங்க. ரெகுலேட்டரை மூடிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு போன் போடுங்க. அமோனியா நெடி அடிச்சா, காத்து எந்தப் பக்கம் இருந்து வீசுதுனு பார்த்து, காத்தோட ஓடாம குறுக்கே விலகிப் போங்க. அது தண்ணியில நல்லாக் கரையும், அதனால ஈரத் துணியை மூக்கு வாயில வெச்சுக்கிறது கொஞ்சம் கை கொடுக்கும்.

போறதுக்கு முன்னாடி ஒரு ஹோம்வொர்க்: 5 லிட்டர் கலன், உள்ளே 1 கிராம் தண்ணீர், காற்றே இல்லை. 80 டிகிரியில் திரவம் மிச்சம் இருக்குமா? அழுத்தம் எவ்வளவு? மேலே போட்ட கணக்கை ஒரு தடவை உத்துப் பார்த்தா, பேனாவே எடுக்காம விடை சொல்லிடலாம். அடுத்த வாரம் பார்க்கலாம், வர்ட்டா!